முடிஞ்சிருச்சுன்னு எப்படித் தெரியும்?

எங்கள் அலுவலகத்தில் எந்த வேலையைப் பற்றிக் கேட்டாலும் ஒரே பதில்தான். "ஆச்சு சார்." குழாய் மாற்றியாகிவிட்டதா? ஆச்சு சார். தணிக்கைக்காரருக்குக் கோப்பு எடுத்து வைத்தாயா? ஆச்சு சார். அதைக் கேட்டு வேலை ஆகிவிட்டது என்று யாரும் ஏமாந்துவிட மாட்டோம். ஆகிக்கொண்டிருக்கிறது, ஆகப்போகிறது, சுத்தமாக மறந்துவிட்டேன், நீங்கள் கேட்டதால் இனிமேல்தான் ஆகும், எல்லாமே அதில் அடக்கம். ராமநாதபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் நிர்வாகப் பிரிவில் பல வருஷங்களை நான் இந்த ஒரு சொல்லை வைத்தே ஓட்டியிருக்கிறேன். அந்த ஓட்டத்தில் குறுக்கே வந்து நின்றவர் ஒரு பெண்.

பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், "எதுக்கு சார் இதெல்லாம்" என்று போனிலேயே சண்டைக்கு வருவார். தேவிபட்டினத்துக்காரர். அப்போது வயது முப்பதைத் தொட்டிருக்கும். அவருடைய வாப்பா துபாயில் கப்பல் பட்டறையில் பாடுபட்டுவிட்டு ஊர் திரும்பியவர். தலையில் முக்காடு, தோளில் பை, மழைக்கும் வெயிலுக்கும் கையில் ஒரே குடை. பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போதே ஏதாவது ஒரு சந்தேகத்தோடுதான் வருவார். கம்ப்யூட்டர் பிரிவில் அவர் சேர்ந்த புதிதில் என் மேசைக்கு வந்து கேட்ட கேள்வி இன்னும் நினைவிருக்கிறது.

எங்கள் ஆஸ்பத்திரியில் யார் யார் வேலை பார்க்கிறார்கள், யாருடைய பாஸ்வேர்டுக்கு எது திறக்கும், மருந்துச் சீட்டை யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்பதையெல்லாம் ஒரு சர்வர் வைத்திருந்தது. டைரக்டரி சர்வர் என்பார்கள். அது படுத்துவிட்டால் பெரிய டாக்டரானாலும் கம்ப்யூட்டருக்கு முன்னால் யாரோ எவரோதான். ஆகவே தினமும் அதை நகலெடுத்து வேறொரு இடத்தில் பத்திரப்படுத்த ஒரு ஸ்கிரிப்ட், அதாவது தானாக ஓடும் கட்டளைப் பட்டியல், இருந்தது. முன்பு ஒப்பந்தத்தில் இருந்தவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது.

"சார், இந்த ஸ்கிரிப்ட்டு பேக்கப்பை ஆரம்பிச்சு விடுது. பெறகு கால் மணி நேரம் சும்மா இருக்குது. அப்புறம் அங்கன இருக்கிற ஃபைலை அள்ளிக்கிட்டுப் போயி வேற எடத்துல போட்டுருது. பேக்கப்பு முடிஞ்சிருச்சுன்னு இதுக்கு எப்படித் தெரியும்?"

"அதான் கால் மணி நேரம் விடுதுல்லம்மா. அதுக்குள்ள முடிஞ்சிருக்கும்."

"முடிஞ்சிருக்கும்னு நீங்க சொல்றீங்க. அது சொல்லலையே சார்."

நான் வணிகவியல் படித்தவன். எனக்கும் சர்வருக்கும் உள்ள உறவு, அந்த அறையில் ஏ.சி. ஓடுகிறதா என்று எட்டிப் பார்ப்பதோடு சரி. "நீயே பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டேன். அவரும் பார்த்தார். சேர்த்துவைத்திருந்த நகல்களில் ஒன்றை எடுத்துத் தனி மெஷினில் ஏற்றிப் பார்த்தார். பாதிதான் இருந்தது. அடுத்ததும் பாதி. ஆஸ்பத்திரி சின்னதாக இருந்த காலத்துக்குக் கால் மணி நேரம் போதும். ஆட்கள் பெருகப் பெருக நகலெடுக்க நேரம் கூடிக்கொண்டே போயிருக்கிறது. ஸ்கிரிப்ட் மட்டும் பழைய கணக்கிலேயே அரைவேக்காட்டை அள்ளிக்கொண்டு போய் வைத்திருக்கிறது. அதை நாங்கள் அத்தனை காலமும் பாதுகாப்பு என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

கேன்டீனில் டீ குடித்தபடி ஒருநாள் எனக்கு அவர் இதை விளக்கினார். பேக்கப் எடு என்று சொன்னதும் சர்வர் "சரி" என்று சொல்லிவிடுமாம். அந்தச் சரிக்கு, கேட்டுக்கொண்டேன் என்று மட்டும்தான் பொருள். வேலையை அது பின்னால் தன்போக்கில் செய்துகொண்டிருக்கும். ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் தனக்குள்ளேயே ஒரு குறிப்பு வைத்திருக்கும். முடிந்ததும் அந்தக் குறிப்பில் ஒரு எண் விழும். பூஜ்யம் விழுந்தால் நல்லபடியாக முடிந்தது. வேறு எது விழுந்தாலும் முடிந்தது, ஆனால் கெட்டுப்போய் முடிந்தது.

"அப்ப அந்த எண்ணைக் கேட்டாப் போதுமே."

"கேக்குறதுக்கும் நேரங்காலம் இருக்கு சார். முடிஞ்சப்புறம் கொஞ்ச நேரந்தான் அந்தக் குறிப்பை வச்சிருக்கும். அப்புறம் அதுவே அழிச்சிரும். தாமசமாப் போயிக் கேட்டோம்னா, அப்படி ஒரு வேலையே எனக்குத் தெரியாதுங்கும்."

"நம்ம ஆபீஸ்ல எல்லாரும் அப்படித்தானம்மா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. யோசித்தார். "அதான் சார், விடாமக் கேட்டுக்கிட்டே இருக்கணும்" என்றார். புதிய ஸ்கிரிப்ட்டை அவர் அப்படித்தான் எழுதினார். ஆரம்பித்துவிட்டு, சில நொடிகளுக்கு ஒருமுறை முடிந்ததா, முடிந்ததா என்று குறிப்பைப் போய்ப் பார்க்கும். எண் விழுந்த பிறகுதான் ஃபைலைத் தொடும்.

இந்தக் குணத்தை அவர் ஸ்கிரிப்ட்டோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒன்று முடிந்துவிட்டது என்று யாருக்கு எப்படித் தெரிகிறது என்பதை ஊரெல்லாம் விசாரித்துக்கொண்டு திரிந்தார். கேன்டீனில் வெள்ளிக்கிழமை பிரியாணி. மாஸ்டர் தம் போட்டுவிட்டு மூடியின் மேல் விரலால் தண்ணீர் தெளிப்பார். இவர் அடுப்படிக்கே போய்விட்டார். தண்ணீர் சுள்ளென்று தெறித்து ஓடினால் தம் ஏறிவிட்டது என்றார் மாஸ்டர். "உள்ள சோறு வெந்துருச்சான்னு மூடி எப்படிச் சொல்லும்ணே?" என்று இவர் கேட்க, அன்றைக்குச் சாப்பாடு தாமதமாகி டாக்டர்கள் எல்லாம் என்னிடம் சத்தம் போட்டார்கள். இன்னொரு நாள் பாம்பனில் மருத்துவ முகாம். கரையில் கருவாடு காயப்போட்டிருந்த பெண்ணிடம் முகாம் முடியும்வரை பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது வேனில் எனக்குச் செய்தி சொன்னார். "ரெண்டு கருவாட்டை ஒண்ணோட ஒண்ணு தட்டிப் பாக்குறாங்க சார். கட்டைச் சத்தம் கேட்டாத்தான் காஞ்சிருச்சுன்னு அர்த்தமாம். எத்தன நாளு காய வைப்பீங்கன்னு கேட்டேன். நாளுக்கும் கருவாட்டுக்கும் என்ன சம்பந்தம்னு என்னையத் திருப்பிக் கேக்குது அந்தக்கா." யாரோ பரிசு கொடுத்ததுபோல அப்படி ஒரு சந்தோஷம் முகத்தில்.

ஆம்புலன்ஸ் டிரைவருக்குத்தான் இவரைக் கண்டாலே ஆகாது. மதுரையிலிருந்து வண்டி எப்போது வரும் என்று கேட்டால், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே "கெளம்பிட்டேன்" என்பார் அவர். கிளம்புவதற்கும் வருவதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தை நம் ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இவர் மட்டும் போனைப் பிடுங்கி, "அண்ணே, பரமக்குடி தாண்டியாச்சா?" என்று கேட்பார். "ஏம்மா, போலீஸ்ல சேந்திருக்க வேண்டியது நீ" என்று அவர் பல்லைக் கடிப்பார்.

இதையெல்லாம் வேடிக்கையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை டப்பா நிறைய வட்டிலாப்பம் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தார். அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் முட்டையும் தேங்காய்ப்பாலும் போட்டு விசேஷத்துக்குச் செய்யும் பண்டம். போன மாதம் அவரைப் பெண் பார்த்துவிட்டுப் போன சங்கதி எங்களுக்குத் தெரியும். நான் கையைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப சந்தோஷம்மா, எப்ப நிக்காஹ்?" என்றேன்.

"வேணாம்னுட்டாங்க சார்."

நடந்தது இதுதான். மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், சாப்பிட்டார்கள், கலந்துக்கிட்டுத் தகவல் சொல்றோம் என்றார்கள், போனார்கள். தகவல் வரவில்லை. இவர்கள் பக்கமிருந்து கேட்பது மரியாதை இல்லை. கேட்காமல் வேறு இடம் பார்ப்பதும் முறையில்லை. உம்மா ஒவ்வொரு போனுக்கும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்துகொண்டிருந்தார். பொறுத்துப் பார்த்துவிட்டு இவரே போன் போட்டுவிட்டார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமி. போன மாசம் தேவிபட்டினத்துல வந்து பாத்துட்டுப் போனீங்கள்ல, அந்தப் பொண்ணுதான் பேசுறேன். தகவல் சொல்றோம்னீங்க."

"ஏம்புள்ள, வீட்டுல பெரியவுங்க யாரும் இல்லையா?"

"இருக்காங்க மாமி. அவுங்க கேக்க மாட்டாங்க, அதான் நான் கேக்குறேன். வேணாம்னாலும் சொல்லிருங்க, ஒண்ணும் நெனைக்க மாட்டேன். எங்க உம்மா படுற பாட்டைப் பாக்க முடியல."

மாமி மெதுவாக, மகனுக்கு வேறு இடத்தில் பேசி முடித்துவிட்டதாகவும், எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நாளைக் கடத்தியதாகவும் சொல்லியிருக்கிறார். இவர் ஜஸாக்கல்லாஹ் என்று நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

"வருத்தமா இல்லையாம்மா?"

"இல்லாம என்ன சார். ரெண்டு நாளு அழுதேன். ஆனா அது முடிஞ்ச அழுகை. அதுக்கு முன்னாடி ஒரு மாசம் பட்டதுக்கு இது எவ்வளவோ தேவலை. அதான் உம்மாவை வட்டிலாப்பம் செய்யச் சொன்னேன்."

எனக்கு அது செரிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தில் இழுத்துக்கொண்டு கிடப்பதை ஒரு கருணையாகவே பழகிவிட்டோம். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லாமல் விடுவதுதான் நாகரிகம். இந்தப் பெண் அந்த நாகரிகத்தின் கழுத்தைப் பிடித்து ஆட்டுகிறாரே என்று பயமாகக்கூட இருந்தது. ஆனால் வட்டிலாப்பம் நன்றாக இருந்தது, இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

டைரக்டரி வைத்திருந்த பழைய சர்வரின் டிஸ்க் சாகக் கிடந்தது. புதிது வாங்கியாயிற்று. விற்றவர்கள் பழையதை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. சிக்கல் என்னவென்றால், டிஸ்க் இழுபறியில் இருந்ததால் கடைசிச் சில நாட்களின் நகல் எதுவும் நல்லபடியாக முடியவில்லை. அதற்கு முந்தைய நகலில், புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு கூட்டம் நர்சுகளின் பெயரே கிடையாது. ஆகவே பழைய மெஷின் மூச்சை விடுவதற்குள் முழு நகல் ஒன்று எடுத்துப் புதியதில் ஏற்றியாக வேண்டும். திங்கள் காலை முதல் ஷிஃப்டுக்குள் அது நடக்காவிட்டால், ராமநாதபுரத்திலும் பரமக்குடி, தேவிபட்டினம் கிளைகளிலும் மருந்துச் சீட்டைத் திறக்க முடியாமல் நர்சுகள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள்.

எங்கள் நிர்வாக அறங்காவலரை எல்லாரும் அய்யா என்போம். நயினார்கோவில் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம், நல்ல மனிதர். ஆனால் காலண்டரைப் பார்க்காமல் ஊசிகூடப் போட்டுக்கொள்ள மாட்டார். ஞாயிறு காலை ஏழரையிலிருந்து எட்டரைக்குள் நல்ல நேரம், அதற்குள் புதிய சர்வருக்கு மாறிவிட வேண்டும் என்று உத்தரவு. குருக்கள் வந்துவிட்டார். தேங்காய், எலுமிச்சம்பழம், சூடம் எல்லாம் தயார். பழையதைத் தூக்கிக்கொண்டு போக வந்த ஆள் ஸ்க்ரூடிரைவரோடு நின்றான். விடியும் முன்பே அந்தப் பெண் பேக்கப்பை ஆரம்பித்திருந்தார். அது போய்க்கொண்டே இருந்தது.

"என்னம்மா, முடிஞ்சிருச்சா?" என்றார் அய்யா.

"இல்லைங்கய்யா."

"எவ்வளவு நேரமாகும்?"

"தெரியலைங்கய்யா. அது சொல்லும்."

அய்யாவின் முகம் சிவந்தது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆகியிருக்கும் அய்யா, மாத்திருவோம் என்றான் ஸ்க்ரூடிரைவர்க்காரன். நானும் இவரைப் பார்த்து, ஒரு வார்த்தை ஆச்சு என்று சொல்லித் தொலையேன் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். சம்பளம், ஒப்பந்தம் எல்லாம் அய்யா கையில். இவரோ நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு அய்யாவிடம் திரும்பினார்.

"அய்யா, நல்ல நேரம்ங்கிறது ஆரம்பிக்கிறதுக்கா, முடிக்கிறதுக்கா?"

இதை அதுவரை யாரும் அய்யாவிடம் கேட்டதில்லை. அவர் குருக்களைப் பார்த்தார். குருக்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆரம்பிக்கிறதுக்குத்தான். பிரயாணம்னா கெளம்புற நேரத்தைத்தானே பாக்குறோம், போய்ச் சேர்ற நேரத்தை யாரு பாக்குறா" என்றார்.

அய்யா தொடையில் தட்டினார். "அப்பப் பரஸ்தானம் வச்சிருவோம்யா!"

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. நல்ல நேரத்தில் ஊருக்குக் கிளம்ப முடியவில்லை என்றால், அந்த நேரத்தில் ஒரு துணிப்பையை மட்டும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். கிளம்பிவிட்டதாகக் கணக்கு. ஆள் பிறகு சாவகாசமாகப் போகலாம். இப்போது பையாக எதை வைப்பது? அய்யா பழைய சர்வரின் கீபோர்டில் கையை வைத்தார்.

"அது எனக்கு வேணுங்கய்யா. மவுசை எடுத்துக்கங்க" என்றார் இவர்.

சந்தனமும் குங்குமமும் வைத்து, வெற்றிலைத் தட்டில் அந்த மவுஸ் ஊர்வலமாகப் புதிய சர்வர் இருந்த அறைக்குப் போனது. சூடம் காட்டி முடித்து, அய்யா நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

மத்தியானவாக்கில் ஸ்க்ரூடிரைவர்க்காரன் திரையைப் பார்த்துத் துள்ளினான். "மேடம், முடிஞ்சிருச்சு!"

இவர் குனிந்து எண்ணைப் பார்த்தார். "முடிஞ்சிருச்சு. ஆனா உருப்படியா முடியலை." பூஜ்யம் விழவில்லை. நகலை அந்தச் சீக்காளி டிஸ்க்கிலேயே எழுதப்போய், பாதியில் எழுத இடமில்லாமல் கெட்டுப்போயிருந்தது. காலையில் மட்டும் அய்யாவுக்குப் பயந்து ஆச்சு என்றிருந்தால், பழைய மெஷின் அந்நேரம் மதுரை ரோட்டில் போய்க்கொண்டிருக்கும். அவர் வெளியிலிருந்து ஒரு டிஸ்க்கை மாட்டி, நகலை அதில் எழுதச் சொல்லி மறுபடி ஆரம்பித்தார். ஸ்க்ரூடிரைவர்க்காரனை, "நாளைக்கு வாங்கண்ணே" என்று அனுப்பிவிட்டார். அவன் திட்டிக்கொண்டே போனான்.

சாயங்காலம் பூஜ்யம் விழுந்தது. நான் கத்தியே விட்டேன். அதே நேரம் அய்யாவிடமிருந்து அவருக்குப் போன். சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சுத்தமான ராகுகாலம். இப்போது முடிந்தது என்றால், நாளை நல்ல நேரத்தில் திரும்ப எடுங்கள் என்பார். இன்னொரு தடவைக்கு அந்த டிஸ்க் தாங்காது. "ராகுகாலத்துக்கு முன்னாடியே ஆயிருச்சுன்னு நான் சொல்லிக்கிறேன், போனை எங்கிட்டக் கொடும்மா" என்றேன். அவர் கொடுக்கவில்லை.

"என்னம்மா, முடிஞ்சிருச்சா?" அய்யாவின் குரல் எனக்கே கேட்டது.

"இன்னும் இல்லைங்கய்யா. நகல்தான் வந்திருக்கு. அதைப் புதுசுல ஏத்தி, நாளைக்குக் காலையில ஆளுக வந்து அவுங்கவுங்க பேருல உள்ள போயி வேலை பாத்தாத்தான்யா முடிஞ்சதா அர்த்தம். காலையில கூப்பிட்டுச் சொல்றேன்."

பொய் சொல்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவர் கணக்கில் அது நிஜமாகவே முடியவில்லை. நகலை ஏற்றினார், தன் பெயரில் உள்ளே போய்ப் பார்த்தார். அந்திநேர மஃரிப் தொழுகை நெருங்கும் நேரத்தில் பஸ் பிடித்து ஊருக்குப் போனார். போகும்போதும் முகத்தில் தெளிவில்லை.

மறுநாள் காலை முதல் ஷிஃப்டுக்கு முன்பே வெளிநோயாளிகள் பிரிவில் வந்து நின்றிருந்தார். நானும் போனேன். தூங்கியிருக்க மாட்டார், கண் சிவந்திருந்தது. பரமக்குடியிலிருந்து வரும் நர்ஸ் ஒருவர், புதிதாகச் சேர்ந்தவர், சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஒருவிரலால் பாஸ்வேர்டைத் தட்டினார். திரை கொஞ்சம் யோசித்தது. இவர் குடையின் பிடியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பிறகு மருந்துச் சீட்டு விரிந்தது. நர்ஸ், முன்னால் நின்ற பாட்டியைப் பார்த்து, "சுகர் மாத்திரை போட்டியா ஆத்தா?" என்று கேட்டார். ஒரு ராஜ்யம் இடம் மாறியது அவருக்குத் தெரியவே தெரியாது.

இவர் ஓரமாகப் போய் அய்யாவைக் கூப்பிட்டார். "இப்பத்தான்யா முடிஞ்சிச்சு."

அந்தப் பக்கம் காலண்டரைப் புரட்டும் அவகாசம். அடுத்து, போனைக் காதிலிருந்து விலக்கிப் பிடிக்கும்படி ஒரு சத்தம். "ஏயப்பா! திங்கக்கெழம இந்நேரம் நல்ல நேரம்மா! ஆரம்பிச்சதும் நல்ல நேரம், முடிஞ்சதும் நல்ல நேரம்!"

அவர் போனை வைத்ததும் கேட்டேன். "நெசமாச் சொல்லும்மா. இன்னைக்குக் காலையில நல்ல நேரம்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் நேத்து அப்படிச் சொன்னியா?"

விளங்காமல் என்னைப் பார்த்தார். "எனக்கு எப்படி சார் தெரியும், எங்க வீட்டுல அந்தக் காலண்டரே கெடையாது." திரும்பி அந்த நர்சைப் பார்த்தார். அடுத்த நோயாளியின் சீட்டும் திறந்திருந்தது. "அந்தக்காவுக்குத் தொறக்குதான்னு மட்டுந்தான் சார் பாத்துக்கிட்டு இருந்தேன்."